பசலி, தபசில், பைசல்: நம் நிலப் பத்திரங்களில் வாழும் ஓர் அரபு வேர்ச்சொல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஒரு மா நிலமாவது வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்த சொல் 'பசலி'. நிலவரி ரசீதில் பசலி, அடங்கலில் பசலி, ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியிலும் பசலி. 'இது எந்தப் பசலிக்கான அடங்கல்?' என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்டால், 'போன வருஷத்துக்கு' என்று பதில் சொல்லிவிடுவோம். பசலி என்றால் வருஷம் என்ற அளவில் நம் பழக்கம் நின்றுவிடுகிறது.

அதே நிலத்தின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கங்களில் 'தபசில்' என்ற தலைப்பின் கீழ் சர்வே எண், பரப்பளவு, நான்கு எல்லைகள் எழுதப்பட்டிருக்கும். நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் 'கடன் பைசல் ஆகிவிட்டது' என்கிறோம்.

பசலி, தபசில், பைசல் என்ற இந்த மூன்று சொற்களும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. மதரஸாவில் ஓதியவர்கள் அந்த வேரை வேறு பொருளில் அறிந்திருப்பார்கள். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் இன்னொரு பொருளில் கேட்டிருப்பார்கள். மலேசியாவில் இருப்பவர்களுக்கு அது மற்றொரு பொருளைத் தரும். ஒரு சொல் எப்படி இத்தனை இடங்களில் இத்தனை வேலைகளைச் செய்கிறது, அதை அறியாமல் இருந்தால் நம் பழைய ஆவணங்களைப் படிப்பதில் என்ன தவறு நேரும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

வேர் சொல்லும் பொருள்

ஃபா, ஸாத், லாம் ஆகிய மூன்று எழுத்துகள் சேர்ந்த வேர் இது. இதிலிருந்து பிறக்கும் 'ஃபஸ்ல்' என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் பிரித்தல். இரண்டு பொருட்களுக்கு நடுவே இடைவெளி உண்டாக்கி, இது வேறு அது வேறு என்று ஆக்குவது. நம் ஊர் வழக்கில் சொன்னால், இரண்டு வயல்களுக்கு நடுவே வரப்பு செய்யும் வேலைதான் ஃபஸ்ல்.

இந்த ஒரு பொருளிலிருந்து அரபு மொழி பல சொற்களை உண்டாக்கிக் கொண்டது. ஒரு நூலைப் பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் ஃபஸ்ல். மதரஸாக்களில் ஓதப்படும் ஃபிக்ஹு நூல்களில் 'கிதாப்' என்ற பெரும் பிரிவுக்குள் 'பாப்', அதற்குள் 'ஃபஸ்ல்' என்று வருவதை ஓதியவர்கள் அறிவார்கள். ஆண்டைப் பிரித்தால் ஒவ்வொரு பருவமும் ஃபஸ்ல். பள்ளிக்கூடத்தில் மாணவர்களைப் பிரித்து உட்கார வைக்கும் வகுப்பறையும் ஃபஸ்ல். கல்லூரியின் அரையாண்டுப் பருவமும் ஃபஸ்ல்தான்.

உடலில் ஓர் எலும்பு முடிந்து அடுத்தது தொடங்கும் மூட்டுக்கு 'மஃப்ஸில்' என்று பெயர். வாக்கியத்தின் நடுவே இடும் காற்புள்ளி 'ஃபாஸிலா'. தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்டுத் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒட்டகக் கன்று 'ஃபஸீல்'. வழக்கில் உண்மையையும் பொய்யையும் பிரித்துத் தீர்ப்புச் சொல்பவர் 'ஃபைஸல்'. நம் பிள்ளைகளுக்கு வைக்கும் ஃபைசல் என்ற பெயர் இதுதான்.

ஒன்றை ஒன்றோடு குழப்பாமல் தனித்தனியாகப் பிரித்து விளக்குவது 'தஃப்ஸீல்'. அதுவே தமிழில் 'தபசில்' ஆயிற்று. பத்திரத்தின் மேற்பகுதி யார் யாருக்கு விற்றார், எவ்வளவு தொகை என்று சொல்கிறது. தபசில் பகுதிதான் ஊரிலுள்ள மற்ற எல்லா நிலங்களிலிருந்தும் இந்த நிலத்தைப் பிரித்துக் காட்டுகிறது. வேரின் பொருள் அப்படியே அங்கே நிற்கிறது.

'பைசல்' என்பதும் அவ்வாறே. தீர்ப்பு, முடிவு என்ற பொருளில் வந்த சொல், தமிழில் கணக்கு தீர்ந்துவிட்டது என்ற பொருளைப் பெற்றது. மனு பைசல் செய்யப்பட்டது என்று அலுவலகங்களில் எழுதுவதும் இதே பொருளில்தான். கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே இருந்த கணக்கு அறுந்தது. இனி இவர் வேறு, அவர் வேறு.

குர்ஆனில் இந்த வேர்

அல்குர்ஆனை ஓதுபவர்களுக்கு இந்த வேர் பழக்கமானது. மறுமை நாளுக்குரிய பெயர்களில் ஒன்று 'யவ்முல் ஃபஸ்ல்', அதாவது தீர்ப்பு நாள். இந்தப் பெயர் 37:21, 44:40, 77:13, 77:14, 77:38, 78:17 ஆகிய ஆறு வசனங்களில் வருகிறது. நல்லவர் யார், தீயவர் யார் என்று பிரிக்கப்படும் நாள் என்பதால் இப்பெயர்.

41ஆவது அத்தியாயத்துக்கு 'ஃபுஸ்ஸிலத்' என்று பெயர். ஹாமீம் ஸஜ்தா என்றும் அதை அழைக்கிறோம். தெளிவாகப் பிரித்து விவரிக்கப்பட்டவை என்பது இப்பெயரின் பொருள். நம் பத்திரத்தின் தபசிலும் இந்த அத்தியாயத்தின் பெயரும் ஒரே வகைச் சொல்லாக்கத்தைச் சேர்ந்தவை. குழந்தைக்குப் பால்குடி மறக்கச் செய்வதைப் பற்றிப் பேசும் 2:233, 31:14, 46:15 வசனங்களில் வரும் 'ஃபிஸால்' என்ற சொல்லும் இதே வேர்தான். ஒட்டகக் கூட்டம் ஊரைவிட்டுப் புறப்பட்டதை யூசுஃப் அத்தியாயத்தின் 94ஆவது வசனம் இதே வேரிலுள்ள வினைச்சொல்லால் கூறுகிறது. ஊரைப் பிரிந்து செல்வதும் பிரிதல்தானே!

குர்ஆனின் இறுதிப் பகுதியிலுள்ள அத்தியாயங்களுக்கு 'முஃபஸ்ஸல்' என்று பெயருண்டு. அத்தியாயங்கள் சிறியவை, அவற்றுக்கிடையே பிஸ்மில்லாஹ் அடிக்கடி வந்து பிரிப்பதால் இப்பெயர் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். இதே 'முஃபஸ்ஸல்' என்ற சொல்லை நாம் பேருந்து நிலையத்தில் கேட்டிருக்கிறோம். தலைநகரிலிருந்து பிரிந்து கிடக்கும் உள்நாட்டுப் பகுதிகளைக் குறிக்க அச்சொல் ஆங்கிலேய நிர்வாகத்தில் 'மொஃபசில்' ஆயிற்று. சென்னை கோயம்பேட்டில் 2002-ல் திறக்கப்பட்ட பேருந்து நிலையத்தின் முந்தைய ஆங்கிலப் பெயரில் அது இருந்தது. சென்னையிலிருந்து பார்த்தால் கும்பகோணமும் கூத்தாநல்லூரும் அதிராம்பட்டினமும் மொஃபசில்!

பருவத்திலிருந்து விளைச்சலுக்கு, விளைச்சலிலிருந்து வருஷத்துக்கு

பிரித்தல் என்று பொருள்பட்ட சொல் எப்படி வருஷத்தைக் குறிக்க வந்தது? இது நான்கு படிகளில் நடந்தது.

முதல் படி அரபியிலேயே நடந்துவிட்டது. ஆண்டின் ஒரு பிரிவு என்ற வகையில் ஃபஸ்ல் என்றால் பருவம். பாரசீகர்கள் அச்சொல்லை எடுத்துக்கொண்டு நான்கு பருவங்களையும் ஃபஸ்ல் என்றே அழைத்தார்கள். இன்றும் ஈரானில் அதுதான் வழக்கு.

இரண்டாம் படி இந்தியாவில் நடந்தது. பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தில், பருவத்தைக் குறித்த சொல் அந்தப் பருவத்தில் விளையும் பயிரையும் குறிக்கத் தொடங்கியது. உருதுவிலும் ஹிந்தியிலும் இன்று ஃபசல் என்றால் பயிர், விளைச்சல். 2016-ல் ஒன்றிய அரசு தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் பெயர் 'பிரதான் மந்திரி ஃபசல் பீமா யோஜனா'. அதில் வரும் ஃபசல் இதுதான்.

மூன்றாம் படியில் ஃபசலுக்குரிய ஆண்டு, அதாவது விளைச்சல் ஆண்டு, 'ஃபஸ்லி' ஆண்டு எனப்பட்டது. நான்காம் படியில் தமிழ், ஆண்டு என்ற சொல்லை உதிர்த்துவிட்டு 'பசலி' என்ற அடைமொழியை மட்டும் வைத்துக்கொண்டது. அடைமொழியே வருஷத்தின் பெயராகிவிட்டது.

ஆகவே டெல்டாவின் விவசாயி ஒருவர் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யும்போது ஒரே சொல்லை இரண்டு முறை சந்திக்கிறார். திட்டத்தின் பெயரில் அது பயிர். உடன் இணைக்கும் அடங்கலில் அது வருஷம்.

இத்தகைய பொருள் விரிவு அரபிக்கு மட்டும் உரியதன்று. தமிழில் நாம் வழங்கும் 'பருவம்' என்ற சொல்லைப் பாருங்கள். அது 'பர்வ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மூங்கிலின் கணு, உடலின் மூட்டு என்பவை அதன் பழைய பொருள்கள். மகாபாரதத்தின் பெரும் பிரிவுகள் பருவங்கள். கார்காலம் ஒரு பருவம். கல்லூரியில் எழுதுவது பருவத் தேர்வு. மூட்டு, நூற்பகுதி, காலம், கல்லூரி அரையாண்டு என்ற அதே வரிசையில் அரபுச் சொல்லும் வடசொல்லும் ஒன்றையொன்று அறியாமலே நடந்திருக்கின்றன. ஒன்றைப் பிரித்துப் பார்த்துத்தான் மனிதன் காலத்தை அறிகிறான் போலும்.

விளைச்சலுக்குத் தனி ஆண்டு எதற்கு?

ஹிஜ்ரி ஆண்டு சந்திரனின் சுழற்சியை அடிப்படையாகக் கொண்டது. 12 மாதங்களில் சுமார் 354 நாட்கள். சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. இதனால்தான் ரமளான் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருகிறது. 1999-ல் அது டிசம்பரில் தொடங்கியது. வயலில் சம்பா கதிர் முற்றும் காலம். 2015-ல் ஜூன் மாதத்தில் தொடங்கியது, குறுவைக் காலம். 2025-ல் மார்ச்சில் வந்தது. அறுவடை முடிந்த வயலில் உளுந்தும் பயறும் நிற்கும் காலம். 'ரபீஉ' என்றால் அரபியில் வசந்தம். ஆனால் ரபீஉல் அவ்வல் மாதம் இன்று வசந்தத்தில் நிற்பதில்லை. அதே சொல்லிலிருந்து வந்த 'ராபி' பருவமோ வேளாண் துறையின் படிவங்களில் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நிற்கிறது.

வணக்க வழிபாடுகளுக்குச் சந்திரக் கணக்கு. கோடையின் நெடிய பகலிலும் குளிர்காலத்தின் குறுகிய பகலிலும் மாறி மாறி நோன்பு வருவதால் எந்த நாட்டவருக்கும் சிரமமோ சலுகையோ நிரந்தரமில்லை. ஆனால் நெல் சந்திரனைப் பார்த்து விளைவதில்லை. விளைபொருளின் ஸகாத் அறுவடை நாளோடு இணைக்கப்பட்டிருப்பதை 6:141 வசனத்தில் காணலாம். பணத்துக்கு ஓராண்டு கணக்கு. விளைச்சலுக்கு அது விளைந்த நாளே கணக்கு.

நிலவரியைச் சந்திர ஆண்டின்படி வசூலித்தால் என்னவாகும்? 33 சூரிய ஆண்டுகள் ஏறத்தாழ 34 சந்திர ஆண்டுகளுக்குச் சமம். அப்படியானால் 33 அறுவடை கண்ட விவசாயி 34 முறை வரி செலுத்த வேண்டும். போதாக்குறைக்கு, வரி கேட்கும் நாள் ஆண்டுதோறும் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் கதிர் பச்சையாக நிற்கும்போதே வாசலில் வந்து நிற்கும். கையில் பணமில்லாத விவசாயி விளையாத நெல்லை அடமானம் வைத்துக் கடன் வாங்குவார்.

முஸ்லிம் ஆட்சியாளர்கள் இந்தச் சிக்கலை வெகு காலம் முன்பே சந்தித்தார்கள். பக்தாதில் வரி வசூலின் தொடக்க நாள் மெல்ல மெல்ல நகர்ந்து பயிர் விளையும் முன்பே வந்துவிட்டபோது, அப்பாஸிய கலீஃபா முஃததித், கி.பி. 895-ல் அதை ஜூன் மாதத்துக்குத் தள்ளி வைத்தார். உதுமானியப் பேரரசும் வரவு செலவுக்கென்று தனியாக ஒரு சூரிய ஆண்டை வைத்திருந்தது.

இந்தியாவில் இந்த ஏற்பாடு அக்பர் காலத்தோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அக்பர் அரியணை ஏறியது 1556-ல், ஹிஜ்ரி 963-ல். அந்த 963 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சூரிய ஆண்டாக எண்ணிக்கொண்டு போனார்கள். வட இந்தியாவின் ஃபஸ்லி ஆண்டு இதுதான். வங்காளிகளின் ஆண்டுக் கணக்கும் இதே அடிப்படையில் வருவதால்தான் 2024 ஏப்ரலில் அவர்களுக்கு 1431 பிறந்தது.

தக்காணத்தில் இதை நடைமுறைப்படுத்தியவர் ஷாஜஹான். ஆண்டு 1636, ஹிஜ்ரி 1046. அங்கே 1046 என்ற எண்ணிலிருந்து சூரியக் கணக்கு தொடங்கியது. நம் பசலி இந்தத் தக்காணப் பசலியின் வழியில் வந்தது. அக்பரின் தொடக்கத்துக்கும் ஷாஜஹானின் தொடக்கத்துக்கும் நடுவே 80 ஆண்டுகள். அந்த இடைவெளியில் சந்திர ஆண்டின் எண்ணிக்கை இரண்டுக்கு மேல் முந்திவிட்டது. அதனால்தான் உத்தரப் பிரதேசத்தின் பதிவேட்டில் 1431 என்றிருந்த அதே ஆண்டு தமிழ்நாட்டில் 1433 ஆக இருந்தது.

அதாவது பசலியும் ஹிஜ்ரியும் உடன்பிறந்தவை. 1636-ல் இரண்டுக்கும் ஒரே எண். அன்று பிரிந்து ஒன்று சூரியனோடும் மற்றொன்று சந்திரனோடும் நடக்கத் தொடங்கின. 2025 ஜூலையில் பசலி 1435 பிறந்தபோது ஹிஜ்ரி 1447 நடந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 390 ஆண்டுகளில் 12 வருட இடைவெளி.

காவிரிப் படுகையில் பசலி

தஞ்சை நாடு 1799-ல் இரண்டாம் சரபோஜியோடு செய்த உடன்படிக்கையின் மூலம் கும்பினியின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. ஆங்கிலேயர்கள் வரி வசூலிக்கும் அமைப்பை மாற்றினார்களே தவிர, அதற்குரிய சொற்களை மாற்றவில்லை. தாசில்தார், ஜமாபந்தி, பசலி எல்லாம் அப்படியே நிலைத்தன. சென்னை மாகாணத்தில் முதலில் ஆடி மாதப் பிறப்பை ஒட்டித் தொடங்கிய பசலி, 1855 முதல் ஜூலை 1-ல் தொடங்குவதாக நிர்ணயிக்கப்பட்டது. இன்றும் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி.

இந்தக் கணக்கு டெல்டாவுக்குப் பொருத்தமாக அமைந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் வழியாகப் பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர நாட்கள் ஆகும். குறுவையும், அதற்குப் பின் சம்பாவும், குறுவை அறுத்த வயலில் தாளடியும் என எல்லாம் ஒரே பசலிக்குள் வந்துவிடும். ஆங்கில ஆண்டின்படி பார்த்தால், ஆகஸ்டில் விதைத்துத் தை மாதத்தில் அறுக்கும் சம்பா இரண்டு வருடங்களில் விழும். பசலியில் விதைப்பும் அறுப்பும் ஒரே வருடம்.

எந்த சர்வே எண்ணில், எந்தப் பசலியில், யார், என்ன பயிர் செய்தார் என்பதைச் சொல்லும் பதிவேடு அடங்கல். முன்பு கணக்கப்பிள்ளைகள் எழுதி வந்தார்கள். 1980-ல் அந்தப் பரம்பரைப் பதவி ஒழிக்கப்பட்ட பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் எழுதுகிறார்கள். பசலி முடியும் தறுவாயில், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வதே ஜமாபந்தி. வருவாய்த் தீர்வாயம் என்று இதற்குத் தமிழ்ப் பெயர் உண்டு. பட்டா மாறுதல், நில அளவைப் பிழை போன்ற குறைகளுக்கு மக்கள் மனு கொடுக்கும் வாய்ப்பும் அங்கேதான்.

ஜமாபந்தி என்ற சொல்லின் முற்பகுதி 'ஜம்உ' என்ற அரபுச் சொல். திரட்டுதல், ஒன்றுசேர்த்தல் என்பது பொருள். பிற்பகுதி பாரசீகம். நாம் சொல்லும் ஜமாஅத், ஜும்ஆ ஆகியவற்றின் வேரும் அதுவே. ஒன்றுசேர்த்தலும் பிரித்தலும் எதிர்ச்சொற்கள். 'பசலி 1434-க்கான ஜமாபந்தி' என்ற அறிவிப்பில் இரண்டும் ஒரே வரியில் நிற்கின்றன. குர்ஆனில் 77:38 வசனத்திலும் இந்த இரு வேர்களும் சேர்ந்தே வருகின்றன. அனைவரும் ஒன்றுதிரட்டப்பட்ட பிறகுதான் தீர்ப்பு.

பழைய பத்திரங்களைப் படிப்பது எப்படி?

சொல்லின் வரலாறு இங்கே நம் கைப்பொருளைத் தொடுகிறது. நம் வீடுகளில் பாட்டனார் காலத்துப் பத்திரங்கள் இருக்கும். பள்ளிவாசல்களுக்கு வக்ஃபு செய்யப்பட்ட நிலங்களின் பழைய தாள்கள் ஜமாஅத் பெட்டியில் இருக்கும். அவற்றில் நான்கு இலக்கத்தில் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் என்று ஓர் எண்ணைக் கண்டால், முஸ்லிம்களாகிய நம் மனம் உடனே ஹிஜ்ரி என்று எண்ணிவிடும். அது பசலியாக இருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு தாளில் 1320 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹிஜ்ரி 1320 என்றால் 1902, 1903. பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. எட்டு வருட வேறுபாடு. பாகப்பிரிவினை முன்னதா, விற்பனை முன்னதா, பாட்டனார் உயிரோடு இருந்தபோது நடந்ததா, மறைந்த பிறகா என்ற கேள்விகளில் எட்டு வருடம் மிகப் பெரிது. வாரிசுரிமையே அதைப் பொறுத்து மாறிவிடலாம். தாள் எவ்வளவு புதியதோ அவ்வளவு பிழை கூடும். பசலி 1434-ஐ ஹிஜ்ரி என்று கொண்டால் 12 வருடம் தவறிவிடும்.

கணக்கிடும் முறை எளிது. ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்தது என்றால் பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 591-ஐக் கூட்டுங்கள். பசலி 1400-ன் ஐப்பசி என்றால் 1990. அதே பசலியின் தை மாதம் என்றால் 1991.

இன்னொரு சோதனையும் உண்டு. பழைய பத்திரங்களில் தமிழ் வருஷத்தின் பெயரும் எழுதுவது வழக்கம். 1320 என்ற எண்ணோடு 'சாதாரண வருஷம்' என்று இருந்தால் அது பசலிதான். ஏனெனில் சாதாரண வருஷம் 1910 சித்திரையில் தொடங்கியது. எண், மாதம், வருஷப் பெயர் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

மற்ற நாடுகளில் இதே சொல்

டெல்டாவின் ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வெளிநாடு செல்வது தலைமுறை தலைமுறையாக நடப்பது. போகுமிடமெல்லாம் இந்தச் சொல் வேறு உருவில் எதிர்ப்படும்.

வளைகுடாவில் பள்ளிக்கூடத்தின் கதவில் ஃபஸ்ல் என்று எழுதியிருந்தால் அது வகுப்பு. அதே சொல் நிறுவனம் கொடுத்த கடிதத்தில் இருந்தால் கவனம் தேவை. தொழிலாளர் சட்ட வழக்கில் ஃபஸ்ல் என்றால் வேலைநீக்கம். நிறுவனத்திலிருந்து பிரித்துவிடுவது. அத்தியாயம், பருவம் என்ற பொருளிலேயே சொல்லை அறிந்தவர் இதைச் சாதாரண அறிவிப்பாக எண்ணிக் கையெழுத்திட்டுவிட நேரலாம். தெரிந்த சொல்லாகத் தோன்றினாலும் அந்த இடத்தில் அதன் பொருள் என்ன என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவதே நல்லது. அடையாள அட்டைகளில் காணும் 'ஃபஸீலத்துத் தம்' என்பது இரத்த வகை, இரத்தத்தின் பிரிவு.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அது 'பசால்' ஆகிறது. சட்டத்தின் ஒரு பிரிவு என்று பொருள். இந்தோனேசிய அரசியலமைப்புச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் பசால்தான். மலாய்ப் பேச்சு வழக்கில் 'அது பற்றி', 'அதன் காரணமாக' என்ற பொருளிலும் வரும். நூலின் பகுதி, பிறகு ஒரு விஷயம், பிறகு அந்த விஷயத்தின் காரணம் என்று அங்கே சொல் நடந்திருக்கிறது.

துருக்கியில் 'ஃபசில்' என்பதற்கு அத்தியாயம் என்ற பொருளோடு, அவர்களது மரபிசையில் ஒரே பண்ணில் அடுத்தடுத்து இசைக்கப்படும் உருப்படிகளின் தொகுப்பு என்ற பொருளும் உண்டு. உருதுவிலும் ஹிந்தியிலும் 'ஃபைசலா' தீர்ப்பு, 'ஃபாசிலா' தூரம், 'தஃப்சீல்' விவரம். உருதுவில் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலுக்கு 'ஃபசீல்'. பக்கத்து ஆந்திரத்திலும் பசலி வருஷக் கணக்கு உண்டு.

ஒலி ஒன்று, வேர் வேறு

தமிழில் ஃபா என்ற ஒலி பகரமாகவும், ஸாத் சகரமாகவும் மாறிவிடுவதால் சில குழப்பங்கள் வரும். ஃபஸ்லுர் ரஹ்மான், ஃபாஸில் போன்ற பெயர்கள் பசலியின் உறவினர் அல்ல. அவற்றில் வருவது ளாத் என்ற எழுத்து. அருள், சிறப்பு என்பது அந்த வேரின் பொருள். ஃபைசல் என்ற பெயர் மட்டுமே நம் வேரைச் சேர்ந்தது. பசலைக் கீரைக்கும் பசலிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது தூய தமிழ்.

நிலத்தோடு தொடர்புள்ள வேறு நான்கு அரபுச் சொற்கள் ஸாத், லாம் என்ற அதே இரண்டு எழுத்துகளில் முடிந்து, முதல் எழுத்தால் வேறுபடுகின்றன. 'அசல்' என்றால் வேர், மூலம். 'வசூல்' என்றால் வந்து சேர்தல். பிரிதலுக்கு நேர் எதிரான வேர். 'மகசூல்' என்றால் கிடைத்தது. 'தாசில்' என்றால் திரட்டிப் பெறுதல். தாசில்தார் அதைச் செய்பவர். மகசூலும் தாசிலும் ஒரே வேர். கடனுக்கு அசல், அரசுக்கு வசூல், களத்துக்கு மகசூல், கணக்குக்குப் பசலி என்று இவை அனைத்தும் நம் விவசாயியின் வாயில் தமிழாகவே வழங்குகின்றன.

காவிரிப் படுகையில் பசலி என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அரபி அறியாதவர்கள், முஸ்லிம் அல்லாதவர்கள். ஆயினும் அவர்கள் அந்தச் சொல்லை எந்தத் தயக்கமும் இல்லாமல் தமக்குரியதாகப் பயன்படுத்துகிறார்கள். பசலி இங்கே வந்தது விளைந்த பிறகே வரி என்ற ஒரு நியாயத்தோடு. அந்த நியாயம் எப்போதும் காக்கப்பட்டது என்று சொல்ல முடியாது; அதிக வரியின் கசப்பையும் இந்த மண் அறியும். ஆனால் விவசாயியின் ஆண்டு அவனுடைய வயலில் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது.

அடுத்த முறை நிலவரி ரசீதை வாங்கும்போது அதிலுள்ள பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டிப் பாருங்கள். வீட்டிலுள்ள பழைய தாள்களையும் எடுத்து, எது ஹிஜ்ரி, எது பசலி என்று பிரித்து, ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். பிரித்து எழுதுவதற்குத்தான் தபசில் என்று பெயர்.